ஒரு க்ளிக், இரண்டு டிக்கெட்!

ரயில் டிக்கெட் புக் பண்ண உட்கார்ந்திருக்கிறீர்கள். பெயர், வயது, மேல் பர்த்தா கீழ் பர்த்தா எல்லாம் நிரப்பியாச்சு. கார்டு நம்பர் தட்டியாச்சு, ஓ.டி.பி.யும் போட்டாச்சு. 'பணம் செலுத்து' பட்டனை அமுக்குகிறீர்கள். திரையில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பிக்கிறது. சுற்றுகிறது... சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பத்து விநாடி. இருபது விநாடி. பணம் போச்சா, போகலையா? டிக்கெட் கிடைத்ததா, இல்லையா? ஒரு தகவலும் கிடையாது. சக்கரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு மிரட்டல் மட்டும் இருக்கிறது: 'தயவுசெய்து ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள். பேக் பட்டனைத் தொடாதீர்கள்.'

கை சும்மா இருக்குமா? இன்னொரு தட்டு தட்டுகிறீர்கள். அடுத்த நிமிடம் செல்போனில் வரிசையாக இரண்டு எஸ்.எம்.எஸ். இரண்டு தடவை பணம் கழிந்திருக்கிறது. கணவன் மனைவி இரண்டு பேர் போகிற ஊருக்கு நாலு டிக்கெட்!

வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டால் பாட்டுக் கேட்கவைத்துவிட்டு, கடைசியில் கேட்பார்கள்: "ஏன் சார் ரெண்டு தடவை அமுக்கினீங்க?"

நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால், இதில் ஒரு பழைய அநியாயம் ஒளிந்திருக்கிறது. இரண்டு தடவை அமுக்கியது உங்கள் தப்பா, இரண்டு தடவை வாங்கிக்கொண்டது அவர்கள் தப்பா? இந்தக் கேள்விக்கு இன்டர்நெட் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே விடை கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் கம்ப்யூட்டர்காரர்கள் அல்ல, வியாபாரிகள்.

எனவே கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிடுங்கள். பாய்மரக் கப்பல் காலத்துக்குப் போகலாம்.

*

18ம் நூற்றாண்டு. சென்னைப்பட்டணத்தில் புனித ஜார்ஜ் கோட்டை. இங்கே சம்பாதித்த ஒரு வெள்ளைக்கார வியாபாரி லண்டனில் இருக்கும் ஒருவருக்கு 500 பவுண்டு அனுப்ப வேண்டும். தங்கமாக மூட்டை கட்டி அனுப்பினால் கடல் கொள்ளைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆகவே, ஒரு காகிதம். 'இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுக்கவும்' என்று லண்டன் வியாபாரிக்கு எழுதப்பட்ட உத்தரவு. இதற்கு மாற்றுச் சீட்டு என்று பெயர். இத்தாலிய வியாபாரிகள் அதற்கும் சில நூற்றாண்டுகள் முன்னாலிருந்தே பழக்கி வைத்திருந்த சங்கதிதான்.

காகிதம் சரி. அது போய்ச் சேருமா? அங்கேதான் சிக்கல். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு கப்பல் லண்டன் சேர ஆறு மாதம் ஆகும். நடுவில் புயல் வரலாம். பிரெஞ்சுக்காரர்கள் மடக்கலாம். ஒரு வருடம் காத்திருந்து, பதில் வராததைப் பார்த்துவிட்டு, 'சரி, கப்பல் முழுகிவிட்டது போல' என்று இன்னொரு சீட்டு எழுதி அனுப்பினால்? முதல் கப்பல் நாலு மாதம் தாமதமாகப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால்? அதே கதை! ஒரு கடனுக்கு இரண்டு தடவை பணம் போய்விடும்.

வியாபாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே சீட்டை மூன்று பிரதிகளாக எழுதினார்கள். மூன்றையும் மூன்று வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினார்கள். ஒன்று முழுகினாலும் இன்னொன்று சேரும். (கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களும் இப்படித்தான் இரண்டு மூன்று பிரதிகளாக வெவ்வேறு கப்பல்களில் பயணம் செய்தன.)

அப்படியானால் மூன்றும் போய்ச் சேர்ந்துவிட்டால் மூன்று மடங்கு பணம் கொடுக்க வேண்டுமா? அங்கேதான் வியாபாரி மூளை வேலை செய்தது. ஒவ்வொரு பிரதியிலும் 'இது முதல் பிரதி', 'இது இரண்டாவது', 'இது மூன்றாவது' என்று எண் போட்டு, கூடவே ஒரு நிபந்தனையும் எழுதினார்கள். மற்ற இரண்டு பிரதிகளுக்கும் பணம் கொடுக்கப்படாமல் இருந்தால்தான் இதற்குக் கொடுக்க வேண்டும்.

முதல் பிரதி வந்ததும் லண்டன்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேரேட்டில் குறித்துக்கொள்வார். மூன்று மாதம் கழித்து இரண்டாவது பிரதி ஆடி அசைந்து வந்து சேரும். பேரேட்டைப் புரட்டுவார். "அட, இதற்குத்தான் கொடுத்தாச்சே!" அவ்வளவுதான். சண்டை இல்லை. கடிதம் அனுப்பியவரைப் பார்த்து, 'ஏனய்யா மூன்று தடவை அனுப்பினாய்?' என்று யாரும் கேட்கவில்லை. மூன்று தடவை அனுப்பியதுதான் புத்திசாலித்தனம். ஒரு தடவை மட்டும் கொடுப்பது, கொடுப்பவரின் வேலை.

நம் ஊர் உண்டியல் வியாபாரத்திலும் இந்தச் சூட்சுமம் இருந்தது. கோயில் உண்டியல் இல்லை, 'ஹுண்டி' என்கிற பணச் சீட்டு. வடக்கே மார்வாரிகளும் மற்ற சேட்டுகளும் புழங்கிய உண்டியல் தொலைந்துபோனால் எழுதித் தருகிற இரண்டாவது பிரதிக்கு 'பைட்' என்று பெயர். அதுவும் தொலைந்தால் மூன்றாவது, 'பர்பைட்'. பணம் கொடுத்து முடித்த உண்டியலுக்குத் தனிப் பெயர், 'கோக்கா'. ஒரு சீட்டு உயிரோடு இருக்கிறதா, கணக்கு முடிந்ததா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்.

இது வெறும் பழக்கமாக நிற்கவில்லை, சட்டமாகவே ஆனது. இந்தியாவின் 1881ம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 132வது பிரிவைப் பாருங்கள். ஒரு சீட்டை எத்தனை பிரதிகளாக எழுதினாலும் எல்லாம் சேர்ந்து ஒரே சீட்டுதான். ஒன்று தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது. ஆனால், கவனக்குறைவாக வெவ்வேறு பிரதிகளில் வெவ்வேறு ஆட்களுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தொலைத்தால்? போட்டவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பொறுப்பு! சட்டம் யார் காதைத் திருகுகிறது என்று கவனித்தீர்களா? பல பிரதி அனுப்பியவர் காதை அல்ல. பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் காதை.

*

சரி, இப்போது கம்ப்யூட்டரைத் திறக்கலாம். ஆறு மாதக் கப்பல் பயணம் ஆறு விநாடியாகக் குறைந்துவிட்டது. பிரச்னையும் குறைந்திருக்க வேண்டுமே? இல்லை. ஏனென்றால், பிரச்னை தூரத்தில் இல்லை. மௌனத்தில் இருக்கிறது.

பதில் வரவில்லை என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நீங்கள் அனுப்பியது போய்ச் சேரவில்லை. அல்லது, போய்ச் சேர்ந்து, வேலையும் முடிந்து, அவர்கள் அனுப்பிய பதில் வழியில் தொலைந்துவிட்டது. முதல் விஷயம் நடந்திருந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். இரண்டாவது நடந்திருந்தால் மறுபடி அனுப்பவே கூடாது. எது நடந்தது என்று இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இரண்டுமே அவருக்கு ஒரே மாதிரி மௌனம்தான்.

1975ல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹ்யூபர் என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சிக்கலை ஒரு கட்டுரையில் எழுதினார்கள். 1978ல் ஜிம் கிரே என்கிற அமெரிக்க டேட்டாபேஸ் நிபுணர் அதை இரண்டு தளபதிகள் கதையாகச் சொல்லிப் பிரபலப்படுத்தினார். இரண்டு மலைகள், மேலே இரண்டு படைகள். நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால்தான் ஜெயிக்க முடியும். முதல் தளபதி தூதனை அனுப்புகிறார்: 'நாளை விடியற்காலை தாக்குவோம்.' தூதன் எதிரி கையில் மாட்டியிருக்கலாம். ஆகவே இரண்டாமவர், 'தகவல் கிடைத்தது' என்று பதில் அனுப்புகிறார். அந்தத் தூதனும் மாட்டியிருக்கலாமே? 'உன் பதில் கிடைத்தது' என்று இவர் இன்னொரு பதில் அனுப்ப வேண்டும். அதுவும் போய்ச் சேர்ந்ததா என்று இவருக்குத் தெரியாது...

விடிய விடியத் தூதர்களை அனுப்பினாலும் இரண்டு தளபதிகளுக்கும் முழு நிச்சயம் வரவே வராது. இது சாமர்த்தியக் குறைவு இல்லை. முடியாது என்று நிரூபிக்கப்பட்ட சமாசாரம்.

(ஜிம் கிரே 2007 ஜனவரியில் தன் தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைக்க சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் பாய்மரப் படகில் போனார். திரும்பவில்லை. கடலோரக் காவல்படை தேடியது. ஆயிரக்கணக்கான பேர் இன்டர்நெட்டில் செயற்கைக்கோள் படங்களைக் கண் வலிக்க அலசினார்கள். படகும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை.)

அப்படியானால் அவசரப்பட்டு இரண்டாவது தடவை அமுக்கும் உங்களைப் பற்றி யாராவது யோசித்திருக்கிறார்களா? யோசித்திருக்கிறார்கள். 1981லேயே! அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சால்ட்ஸர், ரீட், க்ளார்க் மூவரும் அந்த வருடம் பாரிஸில் ஒரு கட்டுரை படித்தார்கள். நெட்வொர்க் இயலில் இன்றைக்கும் பாடமாக இருக்கிற கட்டுரை. அதில் அவர்கள் ஒரு முக்கியமான விஷயம் சொன்னார்கள். வழியில் இருக்கும் நெட்வொர்க் எவ்வளவு ஒழுங்காக இருந்து, ஒரே தகவல் இரண்டு தடவை போகாமல் பார்த்துக்கொண்டாலும் போதாது. ஏனென்றால், பதில் வராமல் குழம்பிப்போன மனிதரே இன்னொரு தடவை முயற்சி செய்வார். நெட்வொர்க்குக்கு அது புத்தம் புதுத் தகவலாகத்தான் தெரியும். ஆகவே, 'இது ஏற்கெனவே வந்ததுதான்' என்று கண்டுபிடிக்கிற வேலையை நெட்வொர்க்கின் தலையில் கட்ட முடியாது. கோடியில் உட்கார்ந்திருக்கிற அந்த அப்ளிகேஷன்தான் செய்தாக வேண்டும்.

வெப் பிறக்க இன்னும் எட்டு ஒன்பது வருடம் இருந்தது. நோயைச் சொல்லி, மருந்து யார் கையில் இருக்கிறது என்றும் அப்போதே சொல்லியாச்சு!

*

டிம் பெர்னர்ஸ் லீ ஸ்விட்ஸர்லாந்தின் ஸெர்ன் ஆய்வுக்கூடத்தில் வெப்பை உருவாக்கியபோது அது படிப்பதற்கான இடம். 1991ல் இருந்த ஆரம்ப விதிமுறையில் பிரௌசருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை. 'கெட்', அதாவது 'கொடு'. அந்தப் பக்கத்தைக் கொடு, இந்தப் பக்கத்தைக் கொடு. ஆயிரம் தடவை கேட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

சில வருடங்களிலேயே படிவங்கள் வந்தன. கட்டங்களை நிரப்பி அனுப்பும் வசதி. அதற்காக இன்னொரு வார்த்தை, 'போஸ்ட்'. 'இந்தா, வாங்கிக்கொள், இதை வைத்து ஏதாவது செய்' என்று அர்த்தம். 1995 நவம்பரில் வெளிவந்த ஹெச்.டி.எம்.எல். 2.0 விதிப் புத்தகம் இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்தது. உலகத்தில் எதையும் நிரந்தரமாக மாற்றாத வேலை என்றால் 'கெட்'. மாற்றுகிற வேலை என்றால் 'போஸ்ட்'.

அந்தக் கோட்டுக்கு அவர்கள் உபயோகித்த வார்த்தை 'ஐடெம்பொடென்ட்'. பயப்பட வேண்டாம். பெஞ்சமின் பியர்ஸ் என்கிற ஹார்வர்டு கணித மேதை 1870ல் உருவாக்கிய வார்த்தை. எளிய உதாரணம் வேண்டுமானால் அபார்ட்மென்ட் லிஃப்ட்டையும் உங்கள் வீட்டுக் காலிங் பெல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் பட்டனைப் பத்து தடவை குத்தினாலும் லிஃப்ட் ஒரு தடவைதான் வரும். அது ஐடெம்பொடென்ட். காலிங் பெல்லைப் பத்து தடவை அமுக்கினால் பத்து தடவை அடிக்கும், உள்ளேயிருந்து திட்டும் விழும். அது இல்லை.

'போஸ்ட்' காலிங் பெல் ஜாதி. எத்தனை தடவை அமுக்குகிறீர்களோ அத்தனை ஆர்டர். இன்னொரு கூத்தும் உண்டு. படிவத்தை அனுப்பியதும் 'நன்றி, உங்கள் ஆர்டர் கிடைத்தது' என்று ஒரு பக்கம் வருகிறது அல்லவா? அது 'போஸ்ட்'டுக்குப் பதிலாக வந்த பக்கம். அங்கே ரெஃப்ரெஷ் அமுக்கினால் பிரௌசர் என்ன செய்யும்? கடைசியாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும். அதாவது, படிவத்தை மறுபடி அனுப்பும்! அதற்கு முன்னால், 'தகவல்களை மீண்டும் அனுப்பட்டுமா?' என்று ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்விக்கு அர்த்தம் புரிந்தவர் நூற்றில் எத்தனை பேர்? மற்றவர்கள் ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து 'ஓகே' அமுக்கிவிட்டுப் போனார்கள்.

கோட்டை மதிக்காத வெப்சைட்காரர்களும் மாட்டிக்கொண்டார்கள். 2005 மே மாதம் கூகுள் ஒரு வேகமூட்டி வெளியிட்டது. நீங்கள் க்ளிக் செய்வதற்கு முன்பே, பக்கத்தில் உள்ள லிங்க்குகளை அதுவே போய்த் திறந்து தயாராக வைத்திருக்கும். 'கெட்' தானே, ஆபத்தில்லை என்ற நம்பிக்கை. ஆனால், பல தளங்களில் 'அழி' என்பதையும் சாதாரண லிங்க்காக வைத்திருந்தார்கள். வேகமூட்டி சமர்த்தாக எல்லா 'அழி'யையும் தொட்டுவிட்டு வந்தது. பேக்பேக் என்ற சேவையில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தவர்கள் காணாமல் போன பக்கங்களைத் தேடிப் புலம்பினார்கள்.

*

இதற்கெல்லாம் வைத்தியம்? ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

முதல் வைத்தியம், போர்டு மாட்டுவது. 'ஒரு முறை மட்டும் அமுக்கவும்.' இது வைத்தியமே இல்லை. கிணற்றுக்குச் சுவர் கட்டாமல் 'விழாதீர்கள்' என்று எழுதி வைப்பது மாதிரி.

இரண்டாவது, பட்டனை மங்கச் செய்வது. 1995ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்க்ரிப்டை எழுதி முடித்தார். அதன் புண்ணியத்தில், முதல் தடவை அமுக்கியதும் பட்டன் சாம்பல் நிறமாகிச் செத்துவிடும். படபடவென்று டபுள் க்ளிக் செய்கிறவர்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால், ரெஃப்ரெஷ் செய்தால்? பின்னால் போய்த் திரும்ப வந்தால்? பட்டன் உயிர்த்தெழுந்துவிடும். பூட்டு வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிறது. கல்லாப்பெட்டி திறந்தே கிடக்கிறது.

மூன்றாவது, வழிமாற்றுவது. படிவத்தை வாங்கிக்கொண்ட ஸர்வர் 'நன்றி' பக்கத்தை நேரடியாகக் கொடுக்காமல், 'அந்த முகவரியில் போய்ப் பார்' என்று பிரௌசரை அனுப்பிவிடும். பிரௌசர் அங்கே போய் 'கெட்' கேட்டு வாங்கும். இப்போது எத்தனை தடவை ரெஃப்ரெஷ் செய்தாலும் அந்த அப்பாவிப் பக்கம்தான் திரும்பத் திரும்ப வரும். இதற்காகவே 303 என்று ஓர் எண்ணை 1997 ஜனவரியில் வெளியான ஹெச்.டி.டி.பி. 1.1 விதிகளில் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால், விதிப் புத்தகத்தை யார் முழுசாகப் படிக்கிறார்கள்? 2004ல் மைக்கேல் ஜூரவ்லெவ் என்ற புரோகிராமர் இதை விளக்கிக் கட்டுரை எழுதிய பிறகுதான் பலருக்கு உறைத்தது. அருமையான வழிதான். ஆனால், பதில் வந்து சேர்ந்த பிறகு நடக்கும் ரெஃப்ரெஷ்ஷைத்தான் இது தடுக்கும். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அமுக்கினால்?

அதற்குத்தான் நாலாவது வைத்தியம், டோக்கன். பழைய பேங்குகளில் செக்கைக் கொடுத்தால் கவுன்டரில் பித்தளை வில்லை ஒன்று தருவார்களே, ஞாபகம் இருக்கிறதா? எண் கூப்பிட்டதும் வில்லையைக் கொடுத்தால்தான் பணம். வில்லை போனால் போனதுதான், அதை வைத்து இரண்டாவது தடவை வாங்க முடியாது. அதே சங்கதி. படிவத்தை உங்களுக்கு அனுப்பும்போதே ஸர்வர் அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் எண்ணை ஒட்டி அனுப்பும். படிவம் திரும்பி வந்ததும் எண்ணைச் சரிபார்த்துவிட்டு அடித்துவிடும். அதே எண்ணோடு இன்னொரு படிவம் வந்தால், 'செல்லாது'. 2001ல் வெளியான ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா மென்பொருளில் இந்த வசதியைச் சேர்த்தே கொடுத்தார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். எண் எதற்கு? ஒரே ஆள், ஒரே தொகை, ஒரே நேரம் என்றால் இரண்டாவதைத் தள்ளிவிட வேண்டியதுதானே? கூடாது! தம்பிக்கு 500 ரூபாய் அனுப்புகிறீர்கள். உடனே தம்பி, 'இன்னொரு 500 அனுப்புண்ணா' என்கிறான். அனுப்புகிறீர்கள். இது தவறுதலா? இல்லை, இரண்டு தனித்தனி எண்ணங்கள். தொகையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எண்ணத்துக்குத்தான் எண் போட வேண்டும். லண்டன் வியாபாரி 500 பவுண்டு என்பதைப் பார்த்துத் தள்ளவில்லை. 'அதே சீட்டின் இரண்டாவது பிரதி' என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் தள்ளினார்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இரண்டு க்ளிக்கும் ஒரே கணத்தில் இரண்டு வேறு ஸர்வர்களுக்குப் போய்ச் சேர்ந்தால்? இருவரும் பேரேட்டைப் பார்ப்பார்கள். இருவர் கண்ணுக்கும் 'இன்னும் கொடுக்கவில்லை' என்றுதான் தெரியும். இருவரும் கொடுத்துவிடுவார்கள். ஆகவே 'பார்த்துவிட்டு எழுது' என்று இரண்டு வேலையாக வைக்கக் கூடாது. ஒரே எண்ணை இரண்டாவது தடவை எழுதவே விடாத கறாரான கணக்குப்பிள்ளை வேண்டும். டேட்டாபேஸ்தான் அந்தக் கணக்குப்பிள்ளை. 'இந்தக் கட்டத்தில் ஒரு எண் ஒரு தடவைதான்' என்று முன்கூட்டியே கட்டளை போட்டுவிட்டால், இரண்டாவதாக வருவதை மூஞ்சியில் அடித்த மாதிரி திருப்பி அனுப்பிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குறை பாக்கி. இரண்டாவது தடவை அமுக்கியவருக்கு 'செல்லாது' என்று பதில் வருகிறது. அவர் கேட்டது அதையா? முதல் தடவை என்ன ஆச்சு என்பதுதானே அவர் கவலை! டிக்கெட் உண்டா, இல்லையா?

ஐந்தாவது வைத்தியம் இதைத் தீர்த்தது. 2010களில் ஸ்ட்ரைப் போன்ற பணப் பரிமாற்ற நிறுவனங்கள் பரவலாக்கிய வழி. பணம் கேட்கும் கடையின் கம்ப்யூட்டரே ஓர் எண்ணை உருவாக்கி ஒட்டி அனுப்பும். பணம் வாங்கும் ஸர்வர், அந்த எண்ணைக் குறித்துக்கொள்வதோடு, தான் சொன்ன பதிலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். மறுபடி அதே எண் வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாது. பழைய பதிலையே எடுத்து நீட்டும்: 'இந்தாங்க, உங்க ரசீது.' பதில் வழியில் தொலைந்தாலும் கவலையில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். காலிங் பெல், லிஃப்ட் பட்டனாக மாறிவிட்டது!

இரண்டு தளபதிகள் பிரச்னை அப்படியேதான் இருக்கிறது. அதைத் தீர்க்க முடியாது. ஆனால், திரும்பத் திரும்ப அனுப்புவதால் கேடு இல்லை என்று ஆக்கிவிட்டால், மௌனம் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. முன்னூறு வருடத்துக்கு முந்தைய மூன்று கப்பல் தந்திரத்துக்குத்தான் சுற்றி வளைத்து வந்து சேர்ந்திருக்கிறோம்.

*

நம் ஊர் நிலவரம்? 2002ல் ரயில் டிக்கெட் இன்டர்நெட்டுக்கு வந்தது. 2016ல் யு.பி.ஐ. வந்தது. டீக்கடையில்கூட இப்போது போனை நீட்டித்தான் பணம் கொடுக்கிறோம். ஒவ்வொரு யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கும் தனி எண் உண்டு. வழியில் உள்ள பேங்குகள் அதே தகவலைத் திரும்ப அனுப்ப நேர்ந்தாலும் அந்த எண் காப்பாற்றும். ஆனால், ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 'பெண்டிங்' என்று காட்டுகிறதே என்று நீங்கள் ஆப்பை மூடிவிட்டுப் புதிதாக ஸ்கேன் செய்தால், அது புது எண். சிஸ்டத்தின் கண்ணில் அது புது எண்ணம். இரண்டு தடவையும் பணம் போக வாய்ப்பு உண்டு. பரிமாற்றப் பட்டியலைத் திறந்து பழையது என்ன ஆயிற்று என்று பார்ப்பதே உத்தமம். கடையில் 'பணம் வந்தது' என்று கத்துகிற பெட்டியைக் கேலி செய்யாதீர்கள். அது இல்லாவிட்டால் கடைக்காரரும் நீங்களும் இரண்டு மலை மேல் நிற்கிற தளபதிகள்தான்.

பணம் நம் கணக்கில் கழிந்து, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் அந்தரத்தில் தொங்கினால்? 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. ஒருவர் இன்னொருவருக்கு யு.பி.ஐ.யில் அனுப்பிய பணம் சேரவில்லை என்றால், அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். கடைக்குக் கொடுத்தது என்றால் ஐந்து நாள். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்ட ஈடு. அதுவும் வாடிக்கையாளர் புகார் கொடுக்கும் வரை காத்திருக்காமல்!

இது தோற்றுப்போன பரிமாற்றங்களுக்கான விதி. இரண்டு தடவை கழிந்ததைப் பற்றியது அல்ல. ஆனாலும் 1881ம் வருடச் சட்டத்தின் அதே குரல் இதிலும் கேட்கிறதா? பேரேடு யாரிடம் இருக்கிறதோ, பொறுப்பும் அவரிடம்தான்.

அடுத்த தடவை சக்கரம் சுற்றும்போது, 'ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள்' என்ற போர்டைப் பார்த்தால் கொஞ்சம் பொறுமையாகவே இருங்கள். அங்கே கணக்குப்பிள்ளை சரியில்லாமல் இருக்கலாம், வம்பு எதற்கு? ஆனால், அதையும் மீறி இரண்டு தடவை பணம் போய், போனில் யாராவது, "ஏன் சார் ரெண்டு தடவை அமுக்கினீங்க?" என்று கேட்டால் தலையைச் சொறியாதீர்கள். திருப்பிக் கேளுங்கள்:

"நீங்க ஏன் சார் ரெண்டு தடவை வாங்கினீங்க?"